தடயம் காணும் கல்வி நமக்கும் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவி, ஆவூர்)

கோவலன் உயிரிழந்தது களவினால் அன்று. ஒரு சிலம்பைச் சோதித்துப் பார்க்க அரண்மனையில் எவருக்கும் தோன்றாமையினால். அரசியின் சிலம்பினுள்ளே முத்து. கண்ணகியின் சிலம்பினுள்ளே மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்தச் சோதனை நடக்கத்தான் செய்தது. ஆனால் தண்டனை நிறைவேறிய பிறகு நடந்தது. அதுவும் கொலையுண்டவனின் மனைவி அவைக்கு வந்து வழக்குரைத்ததனால் நடந்தது. அதுவரை ஒரு பொற்கொல்லனின் வாய்மொழியே சாட்சியமாக இருந்தது. ஊழ்வினையை மறந்துவிட்டாயே என்று நம் தமிழ்ப் பேராசிரியர் என்னைக் கடிந்துகொள்ளக்கூடும். கணிதம் படிக்கும் எனக்கு ஊழைக் காட்டிலும் சாட்சியந்தான் முதலில் கண்ணில் படுகிறது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

அந்தச் சிலம்பின் இடத்தில் இன்று இருப்பது கைப்பேசி. யார் யாரோடு பேசினார், எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் நின்றார், எவ்வளவு பணம் எவர் கணக்குக்குப் போயிற்று, அனுப்பியதை எப்போது அழித்தார் என்பவை எல்லாம் அதனுள்ளே இருக்கின்றன. அதைத் திறந்து, உள்ளதை உள்ளபடியே எடுத்து, நீதிமன்றத்தில் வைக்கும் கலைக்குக் கணிப்பொறித் தடய அறிவியல் என்று பெயர். நாட்டை உலுக்கும் பயங்கரவாத வழக்குகளிலும் இதுதான் பேசுகிறது. நம் தெருவில் ஏமாந்தவரின் புகாரிலும் இதுதான் பேசுகிறது. இந்தப் படிப்பு அரசு கலைக் கல்லூரிகளிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் சொல்லித் தரப்பட வேண்டும் என்பதே நான் இங்குச் சொல்ல வந்தது. கணித மாணவிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். என் கையால் நடந்த ஒரு தவறுதான் காரணம்.

சென்ற ஆண்டு என் சித்தப்பா மூன்று ஆடுகளை விற்றார். வந்த பணத்தை வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். நான்கு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னான் ஒருவன். ஆதார் விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்றான். குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பு வந்தது. அதைத் தொட்டார், ஏதோ ஒரு செயலி கைப்பேசிக்குள் இறங்கியது. அன்று பொழுது சாய்வதற்குள் கணக்கிலிருந்த 21,500 ரூபாயும் போய்விட்டது. அடித்துப்பிடித்துக் கொண்டு கைப்பேசியை என்னிடம்தான் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டியவள் நான் ஒருத்தி. குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பதானாலும், முதியோர் உதவித் தொகைக்கு மனு எழுதுவதானாலும், மின்வாரியக் கணக்கைப் பார்ப்பதானாலும், 'காலேசுப் புள்ளைக்கிட்டக் குடு' என்பார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி இடுவது மட்டுமன்று. தெருவுக்கே எழுத்தராக இருப்பது என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன்? திருடன் இன்னும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறான் என்று பதறினேன். அந்தச் செயலியை நீக்கினேன். குறுஞ்செய்திகளை அழித்தேன். அதுவும் போதாதென்று, கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குக் கைப்பேசியையே துடைத்து வைத்தேன். அறிவாளித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டதாக அன்றிரவு எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: அந்தக் குறுஞ்செய்தி எங்கே? அந்தச் செயலி எங்கே? சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ அழிச்சியே, அதையா கேக்குறாக?" என்றார். என்னால் தலை நிமிர முடியவில்லை. பணம் போன உடனேயே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லியிருந்தால் அது கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். வங்கிக் கணக்குத் தாளும் அழைத்த எண்ணும் மிஞ்சின. அந்த எண் எவன் பெயரிலோ வாங்கியது. பணம் இன்றுவரை திரும்பவில்லை. சித்தப்பா என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். இந்தக் கலையின் முதல் விதியே, மூலத்தைத் தொடாதே என்பது. கைப்பற்றிய கைப்பேசியை, அலை புகாத பையில் இட வேண்டும். இல்லையேல் குற்றவாளி எங்கோ இருந்துகொண்டே உள்ளிருப்பதை அழித்துவிடலாம். கணிப்பொறியானால், எழுத்தைத் தடுக்கும் ஒரு கருவியை இடையில் பொருத்தி, ஒவ்வொரு நுண்கூறும் மாறாமல் ஒரு படி எடுக்க வேண்டும். ஆராய்ச்சி எல்லாம் அந்தப் படியின் மேல்தான். மூலம் முத்திரையிட்டு ஓரமாக இருக்கும். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்குப் போயிற்று என்ற குறிப்பு இடையில் ஓர் இடம்கூட விட்டுப்போகாமல் எழுதப்பட வேண்டும். நான் செய்தது இவை ஒவ்வொன்றுக்கும் நேர் எதிர்.

படி மூலத்தைப் போன்றதே என்பதை எப்படி மெய்ப்பிப்பது? இங்கேதான் என் பாடம் வருகிறது. கணிதத் துறைத் தோழர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். ஒரு கோப்பு எத்தனை பெரியதாயினும், அதை ஒரு வாய்பாட்டில் செலுத்தினால் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண் வெளிவரும். அதற்கு ஹேஷ் மதிப்பு என்று பெயர். இப்போது பெரிதும் வழங்குவது எஸ்.ஹெச்.ஏ.-256 என்னும் முறை. 256 இரும எண்கள். எழுதினால் 64 எழுத்துகள். ஆயிரம் பக்கமுள்ள ஒரு கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றுங்கள். வெளிவரும் எண் அடியோடு வேறாகிவிடும். மொத்தம் வரக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை 78 இலக்கமுள்ள ஓர் எண். இந்த வாய்பாட்டின் உள்ளே இருக்கும் மாறிலிகள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலங்களும், முதல் 64 பகா எண்களின் கனமூலங்களும். அவற்றின் பின்னப் பகுதிகள். 'பகா எண்ணைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று என்னைக் கேட்ட உறவினர் ஒருவருக்கு இந்த இதழின் ஒரு படியைக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

கணிதம் தடயத்துக்கு உதவியது இது முதன்முறையும் அன்று. 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் தொடங்கப்பட்டது. பல்லாயிரம் ரேகைத் தாள்களுக்கிடையே வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது என்பதே அன்றைய சிக்கல். குல்னா மாவட்டத்து ஒரு கிராமத்திலிருந்து வந்து மாநிலக் கல்லூரியில் கணிதம் படித்த அஸீஸுல் ஹக் என்ற இளைஞர், ரேகை வடிவங்களை எண்களாக்கி, 32-ஐ 32-ஆல் பெருக்கி 1,024 அறைகளில் அவற்றை வகுக்கும் முறையைக் கண்டார். அவரோடு உழைத்தவர் ஹேம் சந்திர போஸ். உலகம் அந்த முறையை அழைத்ததோ, அவர்களுடைய அதிகாரியான ஹென்றியின் பெயரால். பெயர் போனது போகட்டும். பட்டிக்காட்டிலிருந்து வந்த ஒரு கணித மாணவரால் ஆகாத வேலை அன்று இது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் மாநிலத்துக்கும் இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. 1849-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் அமைந்தது. நஞ்சூட்டி நடந்த சாவுகளை ஆராய்வது அதன் முதன்மையான பணி. அந்த மரபில் வளர்ந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு 1991-ஆம் ஆண்டு மே 21 இரவு மிகக் கடுமையான சோதனை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டு வெடிப்பில் கொல்லப்பட்டார். துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் பி. சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துணித் துண்டு, கம்பி, மின்கலம், உடற்பகுதி இவற்றைக் கொண்டே, வெடிகுண்டை உடலில் கட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பெண் என்பதை நிறுவினார். அதே இடத்தில் இறந்து கிடந்த புகைப்படக்காரரின் காமிராவில் படச்சுருள் கெடாமல் இருந்தது. அதில் இருந்த பத்துப் படங்கள் வழக்கின் போக்கையே தீர்மானித்தன.

படச்சுருளில் ஒரு வசதி இருந்தது. வெளிச்சம் பட்டது பட்டதுதான். பின்னால் ஒருவர் அதில் புகுந்து இல்லாத ஆளைச் சேர்த்தால் சுருளே காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய தடயம் அப்படியன்று. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-இல் மும்பையைத் தாக்கியவர்கள் விட்டுச்சென்ற வழிகாட்டிக் கருவிகளிலிருந்து அவர்கள் கராச்சியிலிருந்து வந்த கடல்வழியைப் படித்தறிந்தார்கள். மின்னணுத் தடயத்தின் வலிமைக்கு அது சான்று. அதன் மறுபக்கம் வேறு. அதற்குச் சான்று தேட நான் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

எங்கள் ஆவூர், இயேசு சபையார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வந்து பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டிய ஊர். வீரமாமுனிவர் பணி செய்த ஊர். அதே சபையைச் சேர்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, பக்கத்துத் திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937-ஆம் ஆண்டு பிறந்தவர். இயற்பெயர் ஸ்டானிஸ்லாஸ் லூர்துசாமி. ஜார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே வாழ்ந்தார். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 8-இல், பீமா கோரேகான் வழக்கில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமாகிய சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 83, நடுக்குவாத நோயாளி. பிணை கிடைக்காமலே 2021-ஆம் ஆண்டு ஜூலை 5-இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் இறந்தார். நான் அப்போது பள்ளி மாணவி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்தச் செய்தியைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. என்ன வழக்கு என்று எனக்கு விளங்கவில்லை. 'கம்ப்யூட்டர்ல என்னமோ இருந்துச்சாம்' என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

அந்த 'என்னமோ' என்ன என்பதுதான் கேள்வி. அவருடைய கணிப்பொறியில் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்ட கோப்புகள் அரசுத் தரப்பின் சாட்சியங்களுள் முக்கியமானவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆர்சனல் கன்சல்டிங் என்னும் தடய ஆய்வு நிறுவனம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின் பேரில், கைப்பற்றிய கணிப்பொறிகளின் படிகளை ஆராய்ந்தது. அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணிப்பொறி பற்றி 2021-ஆம் ஆண்டில் அது அறிக்கை தந்தது. நெட்வயர் என்ற ஒற்று நிரல் அதனுள் புகுத்தப்பட்டது. அதன் வழியே கோப்புகள் வெளியிலிருந்து இடப்பட்டன. அவற்றை அவர் ஒருமுறையேனும் திறந்ததற்கு அடையாளம் இல்லை என்றது. அந்தக் கணிப்பொறியில் இருந்த எழுத்துச் செயலி 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு. கோப்புகளில் சில அதற்குப் பிந்திய பதிப்புகளில் உருவாக்கப்பட்டவை! ஸ்டான் சுவாமியின் கணிப்பொறியிலும் அவ்வாறே 40-க்கும் மேற்பட்ட கோப்புகள் இடப்பட்டன என்றும், அது கைப்பற்றப்படுவதற்கு முந்திய இரவில், 2019 ஜூன் 11-இல், உள்ளே புகுந்தவர் தம் சுவடுகளை அழிக்க முயன்றார் என்றும் 2022 டிசம்பரில் வந்த அறிக்கை கூறியது. அப்போது அவர் இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

இந்த முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எவர் பக்கம் உண்மை என்று தீர்க்க வேண்டியது நீதிமன்றம்; நான் அல்லள். எனக்கு உறுத்துவது வேறொன்று. விரகாலூர்க்காரர் ஒருவரின் கணிப்பொறியில் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்புக்குச் சொல்ல மாசசூசெட்ஸிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட உதவி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நாடறிந்த பாதிரியாருக்கு, அதுவும் இறந்த பிறகு, கிடைத்தது. எவருக்கும் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் கைப்பேசியில் கண்டெடுத்ததாக ஒரு கோப்பைக் காட்டினால், 'இது எப்போது வந்தது, எவ்வழி வந்தது' என்று கேட்க அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பயங்கரவாதத்தைத் தடுப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அதன் பெயரால் தவறான ஆளைப் பிடிக்காதிருப்பதும் அவ்வளவு இன்றியமையாதது. ஏனெனில் தவறான ஆள் உள்ளே இருந்தால் சரியான ஆள் வெளியே இருக்கிறான். இரண்டையும் செய்யக்கூடிய படிப்பு ஒன்றே. ஸ்ரீபெரும்புதூரில் கொலையாளியைக் காட்டியதும், ஒரு கோப்பின் பிறப்பைக் கேள்வி கேட்பதும் ஒரே அறிவியல்தான்.

சட்டமும் இப்போது இந்த அறிவைக் கட்டாயமாக்கிவிட்டது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியாக, 65-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மின்னணுப் பதிவின் படியை நீதிமன்றத்தில் வைக்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒரு வழக்கிலும் 2020-இல் மற்றொரு வழக்கிலும் உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 63-ஆம் பிரிவுக்குரிய சான்றிதழில் இரண்டு பகுதிகள். முதற்பகுதி, பதிவைக் கொண்டுவருபவர் எழுதித் தருவது. இரண்டாம் பகுதி, வல்லுநர் எழுதித் தருவது. இரண்டிலும் ஹேஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். நான் மேலே சொன்ன முறையின் பெயர் அந்தப் படிவத்திலேயே அச்சாகி இருக்கிறது. குற்ற நடைமுறைக்கான புதிய சட்டத்தின் 176-ஆம் பிரிவோ, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கே வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதற்கு ஆயத்தமாக ஐந்தாண்டுக் கால அளவு தரப்பட்டிருக்கிறது. இதற்கான நிலையங்களையும் ஆய்வகங்களையும் பெருக்க நடுவணரசு 2024 ஜூனில் 2,254 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு இசைவளித்தது.

எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் 'வல்லுநர்' என்ற இடத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்த ஆட்கள் எங்கிருந்து வரப்போகிறார்கள்? குஜராத்தின் காந்திநகரில் 2009-இல் தொடங்கி 2020-இல் தேசியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. தனியார் கல்லூரிகள் சில நடத்துகின்றன. அவற்றின் கட்டணத்தைக் கேட்டுவிட்டு என் தந்தையிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் கட்டணமில்லாப் பேருந்தும் என்னை இந்தக் கல்லூரி வரை கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. காந்திநகர் வரை அவை வாரா.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஓர் ஏற்பாடு உண்டு. அது இரண்டாண்டுக் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களும், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வருகிறவர்களும் குறைந்த செலவில் பயிலும் இடம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அத்தகைய கல்லூரிகள் பலவற்றில் கணிப்பொறித் தடய அறிவியலும், நாட்டுப் பாதுகாப்பும், பயங்கரவாதத் தடுப்பும் பாடங்களாக நுழைந்தன. பெரும் பல்கலைக்கழகங்களுக்கே உரியது என்று ஒதுக்கி வைக்கவில்லை. ஊர்க் காவலரும் ஊர் வழக்கறிஞரின் உதவியாளரும் மாலை வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சமுதாயக் கல்லூரி நமக்கும் புதிதன்று. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கெனத் திட்டமே வகுத்தது. ஆனால் சமுதாயக் கல்லூரி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது தையலும் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பும்தான். அவற்றை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. என் அக்காள் தையல் படித்துத்தான் இன்று தன் காலில் நிற்கிறாள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைவேலை போதும், மூளைவேலை மேலிடத்தில் இருக்கட்டும் என்ற எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. போலீஸ் வேலைக்குக் கலைக் கல்லூரி எதற்கு என்றார் ஒரு நண்பர். சாட்சியத்தைச் சோதிப்பது போலீசுக்கு மட்டும் உரியதாக இருந்தால் மதுரையில் நடந்ததுதான் எங்கும் நடக்கும். என் அம்மாவுக்கோ வேறு கவலை. "ராத்திரியில கூப்புடுவாகளாத்தா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை, கூப்பிடத்தான் செய்வார்கள்.

என்னைத் திணறடித்த மறுப்பு என் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னது. "இதைச் சொல்லிக்கொடுத்தா நம்ம பையனுங்க அடுத்தவ போனைத்தான் நோண்டுவாங்க" என்றாள். சிரித்துவிட்டு நகர முடியவில்லை. அழித்த படத்தை மீட்கத் தெரிந்தவன், மீட்கக் கூடாத படத்தையும் மீட்பான். விடுதியில் ஒரு பெண்ணின் கைப்பேசி காணாமற் போனால் அவள் முதலில் அஞ்சுவது கைப்பேசியின் விலையை நினைத்தா? ஆகவே இந்தப் படிப்பைச் சட்டம் இல்லாமல் தனியே கற்பிக்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 2017-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பு முதல் பாடமாக இருக்கட்டும். கருவி இரண்டாம் பாடமாக வரட்டும். ஆனால் நோண்டுகிறவர்கள் வகுப்புக்கு வந்து கற்றுக்கொண்டா நோண்டுகிறார்கள்? அவர்களுக்குக் காணொலிகள் போதும். அவர்களைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. 2004-ஆம் ஆண்டில், ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்க இணையத்தில் ஆபாசச் செய்தி பரப்பிய ஒருவரை எழும்பூர் நீதிமன்றம் தண்டித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் கிடைத்த முதல் தண்டனைகளுள் அது ஒன்று. சில மாதங்களிலேயே முடிந்த வழக்கு. இணையத்திலிருந்த பதிவை உரிய முறையில் எடுத்துச் சான்றளிக்கத் தெரிந்தவர் இருந்ததால் முடிந்தது. என் தோழிக்கு இதைச் சொன்னேன். "இருபது வருசத்துக்கு முன்னாடி ஒண்ணு" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

செலவு பெரிதாகுமே என்பார் பலர். விலை உயர்ந்த கருவிகள் உண்டுதான். ஆயினும் தொடங்குவதற்கு அவை வேண்டியதில்லை. ஆட்டாப்சி என்ற ஆய்வு நிரல் எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. லினக்ஸ் இயங்கும் பழைய கணிப்பொறியே படி எடுக்கவும் ஹேஷ் கணக்கிடவும் போதும். நம் பண்டக அறையில் தூசி படிந்து கிடக்கும் கணிப்பொறிகளின் வட்டுகளைப் போல் பயிற்சிக்கு ஏற்ற பொருள் வேறில்லை. எத்தனை ஆண்டுத் தேர்வு மதிப்பெண்கள் அழிக்கப்பட்டதாக நம்பப்பட்டு அவற்றுள் உறங்குகின்றனவோ! (அலுவலகத்தார் பதற வேண்டாம், முதல் பாடம் அந்தரங்கம் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.)

வேலை கிடைக்குமா என்பது நாம் எல்லோரும் முதலில் கேட்பது. கட்டாயம் கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். விரல் ரேகைப் பிரிவின் உதவி ஆய்வாளர் பணிக்கு அறிவியல் பட்டதாரிகளைச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 2018-இல் அழைத்தது. அது போன்ற அழைப்புகள் எப்போதாவது வருகின்றன. மாவட்டந்தோறும் இணையக் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. சட்டம் கேட்கும் சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் தேவை பெருகத்தான் வேண்டும். வேலை கிடைக்காவிட்டாலும், ஒரு தெருவுக்கு ஓர் ஆளாவது எதை அழிக்கக் கூடாது என்று தெரிந்தவராக இருந்தால் அது வீண் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இன்னொன்று: இதைத் தமிழில் கற்பிக்க வேண்டும். கைப்பற்றுதல் குறிப்பு தமிழில் எழுதப்படுகிறது. சாட்சி தமிழில் பேசுகிறார். எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் விசாரணை தமிழில் நடக்கிறது. வல்லுநர் மட்டும் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனால், கூண்டில் நிற்பவருக்குத் தன்னைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்றே விளங்காது. ஹேஷ் மதிப்பை என் சித்தப்பாவுக்கு நான் இப்படி விளக்கினேன்: "சித்தப்பா, பத்திரத்துல ஒரு எழுத்த மாத்தினாலும் முத்திரை தானா வேற மாதிரி மாறிடும்னு வச்சுக்கங்க." அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப அந்தக் காலத்துலயே இது இருந்திருக்கணும்த்தா, நம்ம பத்திரத்துக்கு" என்றார். எங்கள் நிலத்தகராறு வேறு கதை.

ஆகவே நம் முதல்வர் அவர்களுக்கும் கணிதம், கணிப்பொறி அறிவியல் துறைத் தலைவர்களுக்கும் என் விண்ணப்பம் இது. பெரிய பட்டப்படிப்பு வேண்டாம். ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு ஒன்று, வாரம் இருமுறை மாலையில் நடக்கட்டும். நம் ஆசிரியர்கள் கணக்கையும் கருவியையும் சொல்லித் தரட்டும். சட்டத்துக்கு ஒரு வழக்கறிஞரையும், நடைமுறைக்கு மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்திலிருந்து ஓர் அலுவலரையும் அழைக்கலாம். வெளியாரும் சேரலாம் என்று வைத்தால் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைத் தம்பிகளும் வருவார்கள். துடைத்துத் தரும் பாவத்தை என்னைவிட அதிகமாக அவர்கள்தாம் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். வகுப்புக்குப் பயங்கரவாதத் தடுப்பு என்று முழக்கமிடும் பெயர் வேண்டாம். தடய அறிவியல் என்று இருந்தாலே போதும். சேரப் பத்துப் பேராவது வேண்டும் என்றால், என்னையும் சேர்த்து ஏழு பெயர் கொண்ட தாள் ஒன்று தயாராக இருக்கிறது. மறுப்புச் சொன்ன தோழியும் அதில் கையெழுத்திட்டிருக்கிறாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வகுப்பை ஐந்தரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆவூருக்குப் பேருந்து எட்டு மணிக்குத்தான்.